கைப்பிடி ஓட்டை

நான்கு மாமரங்கள். மூன்று பெங்களூரா, ஒன்று
நீலம் என்கிறார்கள், காய்த்து நான் பார்த்ததில்லை.
கிருஷ்ணகிரியில் மாமரத்தின் அடியில்
புல்தரைக்கு ஆசைப்பட்ட அலுவலகம்
எங்கள் மாங்கூழ் ஆலையாகத்தான் இருக்கும்.

வருஷா வருஷம் ஓசூர் ரோட்டில்
பாய் மாதிரி சுருட்டி வரும் புல்.
ஆடியில் விரித்தால் கார்த்திகையில் வழுக்கை.
செலவுக் கணக்கில் அதற்குத் தனித் தலைப்பு,
‘பசுமை’. எழுதியவள் நான்தான்.

வெயிலைத் தின்று வளர்வதை
நிழலில் கட்டிப்போட்டுவிட்டு
தண்ணீர் தண்ணீராய்த் தெளித்தோம்.

போன வருஷம் ஒருவன் மருந்தோடு வந்தான்.
முதுகில் டேங்க், மூக்கில் கைக்குட்டை.
‘ஒரே நாள் மேடம், வேரோட கருகிடும்.’
எந்த வேரோடு என்று கேட்டேன்.
டேங்கை இறக்கிவைத்து
டீ குடித்துவிட்டுப் போனான்.

பிறகு தோண்டினோம். அது தப்பு.
இரண்டாம் கொத்திலேயே மண்வெட்டி
விரல் தடிமனில் ஒன்றை அறுத்தது.
வெட்டுவாயில் ஈரம்.
கெம்பம்மா காலால் மண்ணைத் தள்ளி மூடினாள்.
‘இன்னிக்குக் கூலி அரை நாளா, முழு நாளா?’

ஆனி மழை குடோனுக்குள் புகுந்தது.
டின் அடுக்க வந்த அட்டைப்பெட்டிகள்
இருநூற்றுப் பதினாறு, நனைந்து வளைந்து.
ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் மாம்பழம்,
‘தோட்டத்திலிருந்து நேரே’.
பழைய இரும்புக்கடை இலியாஸ் கிலோ ஏழு ரூபாய் சொன்னார்.
நான் தள்ளுபடியில் எழுதினேன்.

டேப்பைக் கிழித்தோம், பின்னைப் பிடுங்கினோம்,
பிரித்து விரித்தோம், விளிம்பின்மேல் விளிம்பு.
அடிமரத்தைச் சுற்றி ஒரு முழம் மட்டும் வெறும் மண்.
தண்ணீர் ஊற்றியதும் அட்டை
நாய் மாதிரி பதுங்கிப் படுத்தது.
மேலே சருகு, முழங்கால் உயரம்,
தினமும் கூட்டி எரித்துக்கொண்டிருந்தோமே, அதே சருகு.

இருட்டில், புழுக்கத்தில், மெல்ல மெல்ல
புல் வெளுத்துச் செத்தது.
மருந்தில்லை என்பதால்
கொலை புண்ணியமாகிவிடாது. தெரியும்.

மேலாளர் சென்னகேசவன் பாம்பு வரும் என்றார்.
வந்தது அரணை.
அப்புறம் கறையான். அட்டையைத் தின்றது.
மரத்தில் ஏறுமோ என்று மூன்று ராத்திரி
எனக்குத் தூக்கமில்லை.
ஏறவில்லை. இதுவரை.

இது புரட்டாசி.
கத்தியால் அட்டையைக் கீறி
கீறலுக்கு ஒரு ஓமவல்லிக் குச்சி,
வெயில் எட்டும் ஓரத்தில் பொடுதலை.
வேர் தட்டினால் கத்தி நிற்கும்,
நாங்கள் தள்ளி உட்காருவோம்.
பாதி பிடித்தது.
மீதிக்குக் காரணம் தெரியாது.
‘பசுமை’க்கு நேரே இந்த மாதம்
கெம்பம்மாவின் கூலி மட்டும். முழு நாள்.

ஒன்றை மறந்துவிட்டோம்.
பெட்டிக்கு இரண்டு கைப்பிடி ஓட்டை,
தூக்குகிறவனின் நான்கு விரல் நுழையும் அளவு.
அடைக்க யாருக்கும் தோன்றவில்லை.
சருகை விலக்கிப் பார்த்தால்
ஒவ்வொன்றிலும் நெருக்கியடித்துக்கொண்டு
பச்சையாக நான்கைந்து விரல்,
அடியிலிருந்து பெட்டியைத் தூக்கப்போவது மாதிரி.

நேற்று சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து
ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.
பதினோராவது ஓட்டையில்
அது என் விரலைப் பிடித்திருந்ததா,
நான் அதைப் பிடித்திருந்தேனா.
சங்கு ஊதியது. மணி இரண்டு.
அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன்.