மறுகா

வெலிமடையிலிருந்து இறங்கிய லொறி
செங்கலடிச் சந்தியோடு நின்றுவிட்டது.
அப்பால் றோட்டில் இடுப்பளவு வெள்ளம்.
இரண்டு நாள் பொறுத்த சாரதி
மூன்றாம் நாள் படங்கைத் தூக்கி
"கரட் கிலோ எம்பது" என்று கத்தினான்.
பத்துக் கிலோ வாங்கினேன்.
சைக்கிளில் கட்டும்போதுதான்
எதற்கென்று யோசித்தேன்.

மழைக்கு மேசன் வேலை இல்லை.
சித்தாண்டி வீட்டில்
நாலு பை சீமெந்து கட்டிலில் படுத்திருக்க
நாங்கள் மூவரும் நிலத்தில்.

கரட்டைப் படம் எடுத்து நேசமலருக்கு அனுப்பினேன்.
குவைத்திலிருந்து குரல் வந்தது:
"இவ்வளவும் என்னத்துக்குங்க?
சரி, அல்வாவாச்சும் கிண்டுங்க.
இஞ்ச நான் வெள்ளிக்கு வெள்ளி கிண்டுறதான்,
ஹைதராபாத்துக் குசினிக்காரர் பழக்கித் தந்தவர்.
முதல்ல தோலச் சீவுங்க.
மறுகா துருவுங்க."

துருவி எங்கள் வீட்டில் இல்லை.
மீன் பேணியை வெட்டி விரித்து
இரண்டங்குல ஆணியால்
குத்திக் குத்தி ஒன்று செய்தேன்.
ஆறாவது கரட்டோடு
என் விரல் மொளியும் கொஞ்சம் போனது.
"நிறம் பிழைக்காதப்பா" என்றான் கிதுஷன்.

"பால் மூணு லீற்றர்.
வத்துமட்டும் கிண்டணும், கையெடுக்கப்படாது.
மறுகா சீனி."

பாலுக்குப் பஞ்சமில்லை.
மேட்டுக்கு ஏற்றிய மாடுகளைக் கறந்துவிட்டு
கொண்டுபோக வழியில்லாமல் நின்ற பரமலிங்கத்தார்
காசு வேண்டாம், வாளியை மட்டும் திருப்பித் தா என்றார்.

அல்வாவின் பதம் எனக்குத் தெரியாது.
கலவையின் பதம் தெரியும்.
தண்ணி கூடினால் சுவரில் வழியும்,
குறைந்தால் வெடிக்கும்.
கரண்டியைச் சரித்தால் விழக் கூடாது,
தட்டினால் விழ வேணும்.
அந்தக் கணக்கில் நின்று கிண்டினேன்.
எதிரே பூசாத குசினிச் சுவர்.
ஒவ்வொரு கல்லும் அவளுடைய
ஏதோவொரு வெள்ளிக்கிழமை.
நான் அடுக்கினது மட்டும்தான்.

பால் வற்றியது. சீனியைக் கொட்டினேன்.
எல்லாம் திரும்பத் தண்ணியானது!
இருபது வருசத்தில் சீமெந்து ஒருநாளும்
என்னிடம் இப்படிக் கிறுகியதில்லை.
தாச்சியைப் படம் எடுத்து அனுப்பினேன்.
கை நடுங்கியதில் பாதி அடுப்புத்தான் விழுந்தது.

"பயப்பிடாதங்க, சீனி இளகும்.
விடாமக் கிண்டுங்க.
ஓரத்தில நெய் கசிஞ்சு வரும்.
மறுகா—"

அதோடு அறுந்தது.
எங்கோ ஒரு கோபுரத்துக்குள் தண்ணி புகுந்திருக்க வேணும்.
மறுகா என்ன என்று கேட்டேன்.
ஒற்றைச் சரி.
ஏலமா? கஜுவா?
ஒற்றைச் சரி.
இறக்கவா?

இறக்கினேன்.
அடி கொஞ்சம் பிடித்திருந்தது.
வாழையிலைத் துண்டில் ஆளுக்கொரு கரண்டி,
சந்தியில் லொறிக்குள் படுத்திருக்கும் சாரதிக்கு
ஒரு கிண்ணம் கிதுஷனிடம்.

சப்தனா நக்கிப் பார்த்து
"அம்மாட மாதிரியே இரிக்கி" என்றாள்.

அவள் கிண்டிய அல்வாவை
இந்த வீட்டில் ஒருவரும் தின்றதில்லை.
ஆறு வருசமாய்
அங்கே ஒன்பது பேர் தின்கிறார்கள்.
சப்தனாவுக்கு வயது ஏழு.
நான் ஒன்றும் சொல்லவில்லை,
இன்னொரு கரண்டி வைத்தேன்.

விடியப்புறம் தலைமாட்டில் போன் மினுங்கியது.
ஒற்றைச் சரிகள் எல்லாம் இரட்டையாகியிருந்தன.
கீழே பதினொரு விநாடிக் குரல்:

"மறுகா ஒண்டுமில்லங்க.
ஆற விடுங்க. அவ்வளவுதான்."

தாச்சி கிணற்றடியில் கவிழ்ந்து கிடந்தது,
இரவே சுரண்டிக் கழுவியாயிற்று.
மழை விட்டிருக்கவில்லை.
சாக்கில் இன்னும் ஏழு கிலோ.

தோலைச் சீவத் தொடங்கினேன்.