ப. உலகம்மாள்

அம்பாசமுத்திரத்தில் சைக்கிள் கடைக்கு மேல்மாடி.
மாதம் முந்நூறு பேரை எண்ணாகப் பார்ப்பது என் வேலை.
பட்டனைத் தட்டினால் பதினோரு நொடியில்
எங்கிருந்தோ ஒரு மதிப்பு வந்து இறங்கும்.
முந்நூறுக்கும் தொள்ளாயிரத்துக்கும் நடுவில்
எல்லாருக்கும் ஓர் இடம் உண்டு.
கடனே வாங்காதவருக்கு மட்டும் கழித்தல் ஒன்று.
என் அப்பாவுக்கு அதுதான்.
அவரிடம் சொல்லவில்லை.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஆற்றுப்பாலம் தாண்டி வந்தாள்
ப. உலகம்மாள், அப்பளம் இடுகிறவள்.
மாவு பிசையும் மெஷினுக்கு நாற்பதாயிரம் வேண்டும்.
குழுக்கடன் நாலு முடித்தவள்,
ஒரு செவ்வாய்க்கிழமை தவறியதில்லை.
பழைய கம்பெனி அவளை 731 என்றது.
போன மாதம்தான் தலைமை அலுவலகம் ஒப்பந்தத்தை மாற்றியிருந்தது,
ஓர் அறிக்கைக்கு நாலு ரூபாய் மிச்சமாம்.
புதுக் கம்பெனி 574 என்றது.

நாலு ரூபாயில் அவள் வேறொருத்தி.

அன்றைக்கே வந்து உட்கார்ந்திருந்தார் ஜெபசிங்,
மூன்றாவது கம்பெனியின் தென்மாவட்டப் பொறுப்பாளர்,
கழுத்தில் அட்டை, மடியில் லேப்டாப்.
"மத்தவங்க கடனை மட்டும் பாப்பாங்க சார்.
நாங்க கரண்டு பில், போன் ரீசார்ஜ் எல்லாம் பாப்போம்.
இந்தப் பக்கம் இன்னும் எத்தனை ஜனம்
எண்ணே இல்லாம கிடக்கு தெரியுமா?"
குளம் வற்றுகிற மாதத்தில்
மீன் குத்தகைக்காரன் பார்க்கிற பார்வை அது.
இலவச சோதனை என்று தட்டிக் காட்டினார்.
648.

"மூணு பேரு எழுதுதாவளா என்னப் பத்தி?
ஒருத்தரக்கூட நான் பாத்ததில்லையே" என்றாள்.
கொஞ்சம் யோசித்து,
"சரி, எது கூடுதலோ அதப் போட்டுக்கிடுங்க."

மூன்று இடத்தில் கேட்டதற்கே
ஒரு புள்ளி இரண்டு புள்ளி இறங்கியிருக்கும்.
அதையும் சொல்லவில்லை.

உள்ளே திறந்து பார்த்தேன்.
எட்டு மாதம் கட்டாத மோட்டார் சைக்கிள்,
விலாசம் விக்கிரமசிங்கபுரம்.
பெயர் ப. உலகம்மாள்.
பிறந்தது ஜூன் ஒன்று,
எந்தத் தலைமையாசிரியரோ சேர்க்கையன்று போட்ட தேதி.
இவளுக்கு ப என்றால் அப்பா பண்டாரம்.
அவளுக்கு ப என்றால் புருஷன் பரமசிவன்.
கம்பெனிக்கு ப என்றால் ப.

கோபப்படுவாள் என்று நினைத்தேன்.
பஸ் டிக்கெட்டின் பின்பக்கம்
விலாசத்தை எழுதித் தரச் சொன்னாள்.

அடுத்த வியாழன் படியேறி இரண்டு பேர் வந்தார்கள்.
மற்றவள் ஒல்லி, செருப்பை வெளியே விட்டாள்.
"வண்டிய எடுத்துக்கிட்டுப் போனவரு போனவருதான் சார்.
போன வருசம் ஃபிரிட்ஜுக்குக் கேட்டேன்.
எனக்கு எவன் குடுப்பான்னு நெனச்சேன்,
அரை மணி நேரத்துல குடுத்துட்டாவ."

731ஐப் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

பண்டாரம் மகள் சிரித்துவிட்டாள்.
"எம் பேருல ஒனக்கு ஐஸ்வாட்டர்.
ஒம் பேருல எனக்கு வண்டி.
எங்கட்டி அந்த வண்டி?"

திருத்த மனு போட்டேன். முப்பது நாள் என்றது திரை.
பிரித்துவிட்டால் ஒருத்தி ஏறுவாள்,
இன்னொருத்தி விழுவாள் என்று சொல்லியாக வேண்டியிருந்தது,
இதைச் சொன்னேன்.
பரமசிவன் மனைவி தலையாட்டினாள்,
கைக்குட்டைக்குள் சில்லறையை எண்ணிக்கொண்டே.

அன்று மாலை ஜெபசிங் போன்:
"சார், ஒப்பந்தம் என்னாச்சு?
எங்க சிஸ்டத்துல இந்தக் குழப்பமே வராது."
"அப்படியென்றால் அந்த 648 யாருடையது?"
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பஸ் ஹாரன் மட்டும்.
"பாத்துச் சொல்றேன் சார்."

மதியம் அவர்கள் இறங்கிப் போனபோது
ஜன்னல் வழியே பார்த்தேன்.
கீழே டீக்கடையில் இரண்டு உலகம்மாளும்
ஒரு டீயைப் பாதியாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.
காசை யார் கொடுத்தார்கள் என்று
மேலிருந்து தெரியவில்லை.