நைட் ஷிப்ட்

அஞ்செட்டியிலிருந்து கெம்பம்மா கூப்பிடும்போது
ஓசூரில் மணி இரண்டே கால்.
பேசவில்லை. போனை வெளியே நீட்டுகிறாள்:
சர்க்கரைவள்ளியை நறுக் நறுக்கென்று
காட்டுப்பன்றி தின்கிற சத்தம்.

பழஞ்சேலை வேலியைப் போன வாரமே தாண்டிவிட்டது.
சலூன் முடியும் தூவிப் பார்த்தாயிற்று.
அவரைப் பந்தல்தான்
எட்டவில்லை அதற்கு.

ஸ்பீக்கரில் போடச் சொல்லி
மெஷின் இரைச்சலுக்கு நடுவே
ஏய்ய் என்று கத்தினேன்.
ஓடிவிட்டது.
சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் கேன்டீன் பின்புறம் நின்று
இன்னொரு தரம் கத்தி
வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன்.
கத்தரிப் பாத்தியில் மணிக்கொரு தடவை
என்னை ஒலிக்கவிட்டாள்.

நான்காம் இரவு
என் குரலுக்குப் பக்கத்திலேயே நின்று
மிச்சக் கிழங்கையும் தோண்டியதாம்.

"பழகிப்போச்சு அதுக்கு" என்றாள்.
கொஞ்சம் பொறுத்து,
"எனக்குந்தான்."