மார்பளவு

சாதகத்தில் எனக்குத் தண்ணீரில் கண்டம்.
எழுதியவர் சிவப்பு மையால் அடிக்கோடும் இட்டிருந்தார்.
ஆகையால் நீச்சல் பழகாமலே
கண்டம் விட்டுக் கண்டம் வந்து
வின்னிபெக்கில் இருபத்திரண்டு வருடம்
பஸ் ஓட்டினேன்.

கடைசியில் அது தரையில்தான் வந்தது.
மார்ச் மாதம், சமையலறை, கையில் தேத்தண்ணிக் கோப்பை.
இடப்பக்கம் முழுவதும்
யாரோ இறங்கிப்போன இருக்கைபோல் ஆயிற்று.
தேத்தண்ணியும் தண்ணிதானே என்கிறாள் வத்சலா,
சாதகத்தை விட்டுக்கொடுக்காமல்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும்
முப்பத்துநாலு பாகைத் தண்ணீர்.
கண்ணாடிச் சுவருக்கு வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
சரிவில் கம்பியைப் பிடித்து இறங்குகிறேன்.
கணுக்கால், முழங்கால், இடுப்பு.
மார்பு நனையும்போது
எண்பத்தாறு கிலோவில் பாதிக்கு மேல்
சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறது.

பிசியோ மரிசெல் என்னைத் தொடமாட்டாள்.
இரண்டு கையாலும் என்னைச் சுற்றித் தண்ணீரைக் கலக்கிவிட்டு
அசையாமல் நிற்கச் சொல்வாள்.
கலங்கிய தண்ணீர் இடப்பக்கத்துக்குத்தான் முதலில் வரும்.
எந்தக் கதவு சாத்தவில்லை என்று
அதற்குத் தெரியும்.

பிரேக் பிடிக்கையில்
நிற்பவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் சரிவதை
தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.
பிடித்துக்கொள்ளுங்கோ என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு
பச்சை விளக்கைப் பார்ப்பேன்.
அந்தக் கணுக்கால்கள்
அவசரமாய் என்ன கணக்குப் போட்டன என்று
ஒருநாளும் யோசித்ததில்லை.

கண்ணை மூடி, ஒற்றைக் காலில்,
பத்து எண்ணவேண்டும்.
நான்கில் சாய்கிறேன்.
ஆனால் தண்ணீருக்குள் விழுவதற்கு நேரம் எடுக்கிறது.
தரை அரை நொடி தராது.
இது, வட்டி கேட்காத கடன்காரன் மாதிரி,
கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறது.
அந்தப் பொறுமைக்குள்
மறந்த பெயர் நாக்கில் வருவதுபோல
இடது கால் ஒரு சாண் எட்டி ஊன்றுகிறது.
அதுதான், என்கிறாள் மரிசெல்.
எதுவென்று எனக்கு விளங்கவில்லை.

திங்கள் இரவு குளியலறையில் விழுந்தேன்.
வாளி உருண்டது என்றேன் வத்சலாவிடம்.
மரிசெல் என் முழங்கையின் நீலத்தைப் பார்த்தாள்,
ஒன்றும் கேட்கவில்லை.
அன்றைக்குப் பாதி நேரம் தண்ணீரே இல்லை.
குளக்கரையில் மெத்தை விரித்து
விழுந்தபின் எழும்புவதை மட்டும் பழக்கினாள்.
உருளவேண்டும். முழங்கை. முழங்கால். கதிரை.
பக்கத்தில் ஒரு பள்ளிப்பிள்ளை
நீச்சல் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தது.
ஐந்தாவது தரம் எழும்பினேன்.
அது தலையாட்டிவிட்டுக் குதித்தது.

இறங்குவதல்ல, கரையேறுவதுதான் கடினம்.
சரிவில் ஒவ்வோர் அடிக்கும்
போன கிலோக்கள் திரும்பி வந்து ஏறுகின்றன,
நிறுத்தத்தில் குளிரில் காத்துநின்றவர்கள்போல,
பூட்ஸில் பனியோடு, பைகளோடு, முணுமுணுப்போடு.
ஒருவரையும் விடாமல் ஏற்றிக்கொள்கிறேன்.
புறப்படுமுன்
இடப்பக்கக் கண்ணாடியை ஒருதரம் பார்க்கிறேன்.