சிவப்புக் கோடு

கத்துகிறது. போகவில்லை.
காசல்ரீ தண்ணீரின் நடுவே
பதினொரு பேரும் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

ஜான்சன், இருபத்தைந்து குதிரை,
என்னைவிட நாலு வயது மூத்தது.
பிடியை முறுக்கினால் எதிர்மலை திருப்பிக் கத்துமளவு எகிறுகிறது,
படகோ வெயிலில் படுத்த எருமை.

'எல்லாரும் பின்னால வாங்க' என்றேன் முதலில்.
முன்பக்கம் பாரமானால் வால் தூக்கும்,
விசிறி தண்ணீரை விட்டுக் காற்றைக் கடிக்கும்.
படங்கும் சாப்பாட்டுப் பையுமாக நகர்ந்து வந்தார்கள்.
கத்தல் குறையவில்லை.

கேபிள் சிக்கியிருக்குமோ? இல்லை, விட்டால் இறங்குகிறது.
கார்பரேட்டர் ஓரம் காற்று இழுக்குமோ?
கேஸ்கட்டைச் சுற்றி எண்ணெய் விட்டேன். சுதி மாறவில்லை.
நிறுத்திவிட்டுத் தூக்கினேன்:
பாசி இல்லை. இலை மூன்றும் முழுசு.

'இன்னும் கொஞ்சம் முறுக்கிப் பாரேன் தம்பி'
என்றார் சங்கத் தலைவர் மருதவீரன்.
மேடையில் அவர் செய்வதும் அதுதான்.

கட்டுநாயக்காவிலிருந்து லீவில் வந்திருந்தாள் ரொசலின்.
நகப்பூச்சு இருக்கா என்று கேட்டேன்.
சந்தேகத்தோடுதான் கொடுத்தாள்.
நடுக்குமிழில் தொடங்கி இலையின் அடிவரை
ஒரே கோடு, சிவப்பாக.
அவளே ஊதி ஊதிக் காயவைத்தாள்.

இறக்கி, கியர் போட்டு,
எட்டு எண்ணும்வரை ஒரு முறுக்கு.
மறுபடி நிறுத்தித் தூக்கினால்
கோடு இரண்டாயிருந்தது,
நடுவே மூன்று விரல் இடைவெளி.

அச்சு சுற்றியிருக்கிறது. இலைக்குத் தகவல் போகவில்லை.
இடையிலிருந்த ரப்பர்
எப்போதோ பிடியை விட்டிருக்கிறது,
நான்தான் சத்தத்தை வேகமென்று
ஒரு மாதமாய் பெற்றோல் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மெதுவாக. முணுமுணுக்கிற அளவு மெதுவாக.
அந்த இழுப்புக்கு மட்டும் ரப்பரில் இன்னும் பிடிப்பிருந்தது.
அக்கரைக்கு முக்கால் மணிநேரம்.
யாரும் பேசவில்லை,
பேசினால் வழுக்கிவிடும் போல.

பெரட்டு முடிந்திருந்தது.
கங்காணி புத்தகத்தை விரித்து
பதினொரு பேருக்கும் அரைப்பேர் என்றார்.
தலைவர் வாயைத் திறந்தார், மூடினார்.
பிறகு கிட்டப் போய்
குனிந்து ஏதோ சொன்னார், நீண்ட நேரம்.
எனக்குக் கேட்கவில்லை.
கங்காணி பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார்,
எழுதிவிட்டா எழுதாமலா, தெரியாது.

நான் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன்.
ரொசலின் வெளிச்சத்தில் போத்தலைத் தூக்கிப் பார்த்தாள்.
'பாதி போச்சு அண்ணே.
நானூறு ரூபா இது.'