பதினோராந் தேதி

எங்கள் லயத்துச் சம்பளத் துண்டையெல்லாம்
பத்து வயதிலிருந்து நான்தான் வாசித்தேன்.
சேமலாப நிதி, கோயில், மரணாதாரம்,
தேயிலைத் தூள், முற்பணம்,
சங்கத்துச் சந்தா.
விரலை வைத்து ஒவ்வொரு பிடிப்பாய்ச் சொல்வேன்.
பாக்கியத்துக்கு இரண்டு சங்கத்துக்கும் சந்தா பிடித்ததைக்
கண்டுபிடித்தவள் நான்.
ஆபீஸ் யன்னலுக்கு உள்ளே கிளாக்கர் ஐயா
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அடுத்த மாதம் காசு திரும்பி வந்தது.
டிலுக்ஷனா கண்ணுக்கு
ஒரு சதமும் தப்பாது என்று பேர்.

பேர் இருக்கட்டும்.

பெப்ரவரியில் ஒரு பின்னேரம்
தண்ணீர்த் தாங்கித் திருப்பத்தில்,
அங்கேதான் சிக்னல் இரண்டு கோடு,
மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு
அதைத் திறந்தேன்.
வீட்டிலிருந்தே வேலை.
நாளைக்கு இரண்டு மணித்தியாலம்.
மாதம் அறுபதாயிரம்.
பதிவுக்கு இருநூற்றைம்பது ரூபாய் மட்டும்.
இருநூற்றைம்பது என்ன, ஒரு ரீலோட் காசு.

கார்ட் இலக்கம் கேட்டது, கொடுத்தேன்.
பின்பக்கத்து மூன்று இலக்கம் கேட்டது, கொடுத்தேன்.
உங்கள் கையில் காசு வரும் நாள் எது?
கொழும்புக் கடையிலிருந்து இவர் போடுவதும் பத்து,
தோட்டத்துச் சம்பளமும் பத்து.
பத்து என்று அழுத்தினேன்.
எனக்குச் சம்பளம் போடத்தான் கேட்கிறார்கள் என்று
சிரித்துக்கொண்டே அழுத்தினேன்.

அதற்குக் கீழே எழுத்து இருந்தது.
டஸ்ட் தூளைவிடப் பொடி எழுத்து.
படிக்கத்தான் குனிந்தேன்.
மழைத்துளி ஒன்று கண்ணாடியில் விழுந்தது.
துடைத்தேன்.
துடைத்த விரலோடு பக்கம் உருண்டு போய்
‘சம்மதம்’ வந்து நின்றது.

மூன்று நாள் வேலை தந்தார்கள்.
எந்த ஊரோ, யாரோ,
நானூற்றுப் பன்னிரண்டு பேரும் முகவரியும்
பார்த்துப் பார்த்து அடித்தேன்.
நாலாம் நாள், உங்கள் வேகம் போதாது,
பயிற்சி பெறுங்கள் என்றது.

பதினோராந் தேதி, விடிய நாலு மணி.
அம்மா பெரட்டுக்குப் போக ரொட்டி தட்டும் சத்தம்.
போன் ஒருமுறை நடுங்கியது.
ஐயாயிரத்து எண்ணூற்று நாற்பது,
மாதாந்த உறுப்பினர் சந்தா.

அம்மாவுக்கு அது நாலு பேர்,
மேலே கொஞ்சம் கிலோக் காசு.
அட்டைக் கடியோடு நாலு முழுப் பேர்.

தலவாக்கலை வங்கியில் அந்தப் பையன்
நல்ல மாதிரித்தான் பேசினான்.
நீங்களே சம்மதம் குடுத்திருக்கீங்களே மிஸ்.
கார்டை நிறுத்தப் படிவம் இருக்கிறது,
தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டது,
திங்கட்கிழமை வாங்க.
போனது போனதுதான்.

விலகுவதற்கும் ஒரு பொத்தான் உண்டு.
அழுத்தினால் ஓர் அழுகிற முகம் வரும்:
எங்களை விட்டுப் போகிறீர்களா?
இல்லை என்பது பெரிய எழுத்தில்,
ஆம் என்பதைத் தேட வேண்டும்.
தேடி அழுத்தினால் மறுபடி அழுகிற முகம்.
கண்ணாடி கழற்றித் துடைக்க ஓர் ஆள் இல்லை.
போய் நிற்க ஒரு யன்னல் இல்லை.

இதுவரை சொன்னதை அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.
சொல்லாதது இது:
மூன்று பேரைச் சேர்த்தால்
என் பதிவுக் காசு திரும்பும் என்றிருந்தது.
சுகந்தமலரைச் சேர்த்தேன்.
கமலகாந்தியின் மகளைச் சேர்த்தேன்.
பக்கத்துக் காம்பராவில் மெர்சி அக்கா,
கை ஈரத்தைச் சீலையில் துடைத்துக்கொண்டு
வாசிச்சுச் சொல்லு புள்ள என்றார்.
வாசித்துச் சொன்னேன்.
பெரிய எழுத்தையெல்லாம்.

இந்த மாதம் பத்தாந் தேதி இருட்டுமுன் டவுனுக்குப் போய்
கணக்கை வழித்தெடுத்தேன்.
நாற்பது ரூபாய் மட்டும் உள்ளே.
தூக்கமில்லை.
நாலு மணிக்குப் போன் நடுங்கியது.
போதிய மீதி இல்லை.
நாளை மீண்டும் முயல்வோம்.

லயத்தில் சுவர் கூரை வரைக்கும் போவதில்லை.
மேலே, தகரத்துக்குக் கீழே,
பத்துக் காம்பராவுக்கும் ஒரே இருட்டு.
அந்த இருட்டு வழியாக
மெர்சி அக்காவின் போன்
ஒருமுறை நடுங்குவது கேட்டது.

லைட்டைப் போட்டேன்.
செருப்பைத் தேடினேன்.