கடனாக ஒரு பனிக்காலம்

கார்த்திகை மழையில் இறங்கிய கொள்கலனில்
இருபத்தோராயிரம் கிலோ அப்பிள்.
இத்தாலியில் ஏதோ பள்ளத்தாக்கு,
பெயர் என் வாயில் நிற்கவில்லை.
நூற்றுக்கு இரண்டு பெட்டி பிரிப்பது விதி.
நெளிமட்டையின் குழாய்க்குள்
நூல் சுற்றிப் படுத்திருந்தது,
வெளிறிய இளஞ்சிவப்பு, தலை மட்டும் கபிலம்.

கொட்லிங் அந்தின் புழு என்று எழுதினேன்.
அழிக்கவும் என்று எழுதினேன்.
முத்திரை குத்தினேன்.
அன்று புறக்கோட்டையில் அப்பிள் ஒன்றுக்கு
இருபது ரூபாய் கூடியதாம், நிஸ்தார் சொன்னார்.

பதிவேட்டில்
கண்டவை ஐந்து, அழித்தவை ஐந்து.
ஐந்தாவது என் மேசை இழுப்பறையில், மட்டைத் துண்டோடு.
ஏன் என்று கேட்காதீர்கள்.
பதினெட்டு வருடமாக எரிக்கிறேன்,
ஒன்றையாவது முடியும்வரை பார்த்ததில்லை.

கையேட்டில் அதன் ஆயுள் ஒன்றரைப் பக்கம்.
இலைக்கு ஒன்றாய், குண்டூசித் தலையளவு முட்டை.
பொரித்த குஞ்சு நடந்தே காயைத் தேடும்.
தோலைக் கடிக்கும் முதல் வாயை விழுங்காது,
துப்பிவிடும்.
(இந்த வரியை இரண்டு தரம் வாசித்தேன்.
மருந்து தோலில்தானே தெளிப்பார்கள்.
தெளிகருவிக்கு முன்பே இந்தப் பழக்கம்
எங்கிருந்து வந்தது?)
பிறகு சதை வழியே குடைந்து விதைக்கு.
நாலு தரம் தோலுரித்து
இறங்கி வந்து, மரப்பட்டை வெடிப்பில்
நூற்றுக்கொண்டு உறங்கும்,
குளிர் வந்து போகும்வரை.

சிக்கல் அங்கேதான்.
கொழும்பில் என்ன வரும்?
டெங்குப் புகை வரும். தண்ணீர் பில் வரும்.
மார்கழி விடியலில் சுனேத்ரா சால்வையோடு வருவாள்,
பத்து மணிக்கு அதை நாற்காலியில் மறப்பாள்.
இதில் எதையும் குளிர் என்று
புழு ஒத்துக்கொள்ளவில்லை.
தூரிகையால் தொட்டால் அசையும்.
விட்டால் மறுபடி காத்திருக்கும்.

அதனால் நான் கொடுத்தேன்.
கந்தோர் பிரிட்ஜின் கீழ்த்தட்டில்,
சுனேத்ராவின் தயிர்ச்சட்டிக்கும்
நிஸ்தாரின் இன்சுலினுக்கும் நடுவே ஒரு ஜாம் போத்தல்.
‘மாதிரி. தொடவேண்டாம்.’
அறுபது நாள்.
மின்வெட்டு வந்த இரண்டு பிற்பகல்
ஐஸ்கட்டிக்குக் கொச்சிக்கடைப் பக்கம் ஓடினேன்.
என்ன மீன் மிஸ், என்றார் ஐஸ்காரர்.
பனிக்காலம் ஒன்று கெட்டுப்போகுது என்று
எப்படிச் சொல்ல?
பாரை, என்றேன்.

பங்குனியில் வெளியே எடுத்தேன்.
பத்தொன்பதாம் நாள்,
துறைமுகக் கிரேன்கள் விளக்கேற்றும் நேரம்,
கூட்டின் வாயில் பாதி நீட்டியபடி
வெற்று ஓட்டை விட்டுவிட்டு வந்து நின்றது.
சாம்பல் சிறகு. நுனியில் மட்டும்
தேய்ந்த செப்புச் சதம்போல் ஒரு பொட்டு.
பெண்.

பெண் அலைந்து தேடுவதில்லை.
இருந்த இடத்தில் வயிற்று நுனியை உயர்த்தி
ஒரு வாசனையை விடும்.
கையேடு அதற்கு ‘அழைத்தல்’ என்கிறது.
மூடியில் நான் ஊசியால் குத்திய ஏழு துளை.
அந்த வழியே
டீசலும் உப்பும், யாரோ பொரிக்கும் இறால் வடையும்
கலந்த காற்றுக்குள் அழைத்தது.
எனக்கு ஒன்றும் மணக்கவில்லை.

திறந்துவிடவில்லை. நான் அரச ஊழியர்.
வெலிமடையில் பேரி மரங்கள் உண்டு,
அதற்கு மேலே குளிரும் உண்டு.
தனி அந்து ஒன்றால் ஆவது ஒன்றுமில்லை,
என்றாலும் மூடியை
இன்னும் அரைச் சுற்று இறுக்கினேன்.

ஒவ்வொரு மாலையும் அழைத்தது.
ஆறாம் நாள் கண்ணாடியில் முட்டைகள்,
கருவில்லாதவை, இலைக்கு ஒன்றாய் வைப்பதுபோல்
அங்கங்கே தள்ளித் தள்ளி.
இருபத்திரண்டு வரை எண்ணினேன்,
தொலைபேசி அடித்தது.

ஒன்பதாம் நாள் பதிவேட்டைத் திறந்தேன்.
அழித்தவை ஐந்து.
திருத்த ஒன்றும் இருக்கவில்லை.
கீழ்த்தட்டில் இப்போது மாங்காய்.